எஸ்.எஸ்.டி. ஏன் தேய்கிறது?

"எழுத எழுத எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடுமாமே, உண்மையா சார்?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். அவர் புதிதாகக் கணிப்பொறி வாங்கியிருந்தார். நல்ல கேள்விதான். சுழலும் தட்டு இல்லை, அதன்மேல் நகரும் முனையும் இல்லை. அசையும் உறுப்பே இல்லாத ஒரு கருவி எவ்வாறு தேயும்? விடை காண 1967ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்னும் இருவர் ஒரு புதுவகை டிரான்சிஸ்டரை அமைத்தனர். அதன் வாயிலுக்குக் கீழே இன்னொரு வாயில். அதைச் சுற்றிலும் மின்காப்புப் பொருள். தக்க மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் சுரங்க விளைவால் மெல்லிய காப்புச் சுவரை ஊடுருவி உள்ளே சென்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். உள்ளே எலக்ட்ரான்கள் உண்டா, இல்லையா என்பதே நினைவு.

1971இல் இண்டெல் நிறுவனத்தின் டோவ் ஃபுரோமன் இக்கருத்தைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் செய்தியைக் காக்கும் நினைவகத்தை உருவாக்கினார். ஆனால் அதை அழிக்க, சில்லின் மேலுள்ள குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே பல நிமிடங்கள் புறஊதாக் கதிரைப் பாய்ச்ச வேண்டும்! இத்தொல்லையைத் தீர்த்தவர் ஜப்பானியரான ஃபூஜியோ மசுவோகா. தோஷிபாவில் பணியாற்றிய அவர், ஒரு பெரும் தொகுதியை ஒரே வீச்சில் மின்சாரத்தாலேயே அழிக்கும் முறையை 1984இல் வெளியிட்டார். நிழற்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால் அதற்கு 'ஃபிளாஷ்' என்று பெயர் வந்தது. (தம் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு அவர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு அது சமரசமாக முடிந்தது. உலகெங்கும் பரவிவிட்ட ஒரு பொருளுக்கு இது சொற்பம் என்றே எனக்குத் தோன்றுகிறது.)

1991இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஃபிளாஷ் வட்டின் கொள்ளளவு 20 மெகாபைட். விலையோ ஏறத்தாழ 1,000 டாலர்!

இனி தேய்மானத்துக்கு வருவோம். அந்தக் காப்புச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் வலுக்கட்டாயமாக அதைக் கடக்கின்றன. சுவரில் சிறு குறைகள் சேருகின்றன. நாளடைவில் கசிவு ஏற்படுகிறது. எனவே உண்மையில் தேய்வது இந்தச் சுவரே.

கொள்ளளவைப் பெருக்கியபோது இத்தொல்லை கூடிற்று. டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று சொல்வது எளிது. அதே டம்ளரில் எட்டு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டுமென்றால்? சிறு கசிவும் பிழையாகிவிடும். ஓர் அறைக்கு ஒரு பிட் வைத்த காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுத முடிந்தது. மூன்று பிட் வைக்கும்போது, எட்டு மட்டங்கள் தேவைப்படுவதால், அது சில ஆயிரம் முறைகளாகக் குறைந்தது. மலிவான விலைக்கு நாம் ஆயுளைக் கொடுத்திருக்கிறோம்.

ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல், எல்லா அறைகளுக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வட்டினுள்ளேயே இருக்கிறது. ஒரு டெராபைட் வட்டுகள் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் உண்டு. நாளொன்றுக்கு 20 கிகாபைட் எழுதினால் அந்த அளவை எட்ட 30,000 நாட்கள், அதாவது 82 ஆண்டுகள் ஆகும்!

ஆனால் வட்டு நிரம்பி வழிந்தால் கதை வேறு. காலி இடம் தேடி, இருக்கும் செய்திகளையே அச்சில்லு மீண்டும் மீண்டும் இடம் மாற்றி எழுதும், தேய்மானம் கூடும். மாணவரின் 256 கிகாபைட் வட்டில் மீதமிருந்த இடம் 4 கிகாபைட். மற்றதெல்லாம் பெரும்பாலும் திரைப்படங்கள்.