படகில் வந்த மூன்று பேர்

1861 மே 23 அன்று வர்ஜீனியா மாநிலம் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோவதை வாக்கெடுப்பில் உறுதி செய்தது. ஓட்டுப் போட்டவர்கள் வெள்ளை ஆண்கள் மட்டும்தான். அன்று இரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறினார்கள். எதிர்க்கரையில் இருந்த மன்றோ கோட்டை இன்னும் வடக்குப் படையின் கையில் இருந்தது. அதை நோக்கித் துடுப்புப் போட்டார்கள்.

தெற்குப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை விட்டிருந்தார் எஜமானர் கர்னல் சார்லஸ் மல்லோரி. அடுத்து கரோலினாவுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. குடும்பத்தை விட்டுட்டு அவ்வளவு தூரம் போக அவர்களுக்கு மனசில்லை.

ஆனால் கோட்டைக்குள் போனால் விடுதலை கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தப்பி வந்த அடிமையை எஜமானரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1850ஆம் ஆண்டுச் சட்டம். அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் அதில் கை வைக்கும் எண்ணம் தனக்கில்லை என்று மார்ச் மாதப் பதவியேற்பு உரையில் லிங்கனே சொல்லியிருந்தார். தெற்கு அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்தது. வடக்கு நாட்டை ஒன்றாக வைத்திருக்கத்தான் துப்பாக்கி எடுத்தது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் பொறுப்புக்கு வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அவர் தொழிலால் வக்கீல். அடிமை ஒழிப்புக்காரர் அல்ல. வெள்ளைக்கொடியோடு வந்த தெற்குப் படை மேஜர் ஒருவர், சட்டப்படி மூவரையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். பட்லரின் வாதம் எளிமையானது: நீங்கள் தனி நாடு என்கிறீர்கள், அப்புறம் எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு? கர்னல் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கட்டும், தருகிறேன். அதுவரை இவர்கள் எதிரியின் போருக்குப் பயன்பட்ட சரக்கு, பறிமுதல் செய்கிறேன்.

சரக்கு! மனிதர்களைச் சொத்து என்று சொன்ன அதே வாதத்தை வைத்தே அந்தச் சொத்துரிமையை உடைத்தார் பட்லர். அவர்களை மனிதர்கள் என்று அந்த வாதம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

செய்தி பரவியது. சில நாட்களிலேயே குழந்தைகள், கிழவர்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பீரங்கி மேடை கட்டாத கைக்குழந்தை எப்படிப் போர்ச் சரக்கு ஆகும்? பட்லரே மேலிடத்துக்கு எழுதிக் கேட்கும்படி ஆனது. ஆகஸ்டில் காங்கிரஸ், தெற்குப் படையின் வேலைக்கு விடப்பட்ட அடிமைகள் மீது எஜமானருக்கு இருந்த உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தது. 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். 1865இல் 13ஆவது சட்டத்திருத்தம் அடிமைமுறையை நாடு முழுக்க ஒழித்தது.

நடுவில் நடந்தது எல்லாம் சுகமில்லை. தப்பி வந்தவர்களின் முகாம்களில் நோயும் பசியும் இருந்தன. வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் இழுத்தடித்த கதைகளும் உண்டு.

அடிமைகளை லிங்கன் விடுவித்தார் என்றுதான் நாம பள்ளிக்கூடத்துல படிச்சோம். தப்பில்லை. ஆனால் அவர் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒன்றரை வருஷத்துக்கும் முன்னாடியே மூன்று பேர் அந்தக் கேள்வியைப் படகில் கொண்டுவந்து கோட்டை வாசலில் வைத்துவிட்டார்கள். வடக்கு அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

மன்றோ கோட்டை நிற்கும் அந்த முனைக்கு பாயிண்ட் கம்ஃபர்ட் என்று பெயர். 1619இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்த முதல் கப்பல் நங்கூரமிட்டதும் அங்கேதான்.