தண்ணீர் வந்த பிறகே கட்டுச்சோறு

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவது சித்திரை, வைகாசியில். மோகனூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் ஆற்றங்கரையில் பாய் விரித்துச் சாப்பிடக் கிளம்பியது ஆடியில். வெயில் காலத்தில் காவிரி ஓரமாய் ஒதுங்கிவிடும். அகண்ட மணல் மட்டும் கொதிக்கும். அதில் உட்கார்ந்து சோற்று மூட்டையைப் பிரிக்க யாருக்கு மனம் வரும்? குடகில் மழை பிடித்து, கலங்கலாகப் புதுத்தண்ணீர் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

முதல் புறப்பாடு ஆடி ஒன்றாம் தேதி. சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு வட்டாரத்தைத் தாண்டினால் இந்த நோம்பி பலருக்குத் தெரியாது: தேங்காய் சுடுவது. நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடிப்பார்கள். உள்ளே அவல், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், வெல்லம் போகும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்பவும் ஊற்றி, கண்ணில் அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, நெருப்பில் வாட்டுவார்கள். ஓடு வெடித்து வெல்லப்பாகு மணக்கும்போது இறக்கிப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், பருப்பும் பூரணமும் ஒன்றாய் வெந்திருக்கும். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் சுடுகிறோம் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். குச்சியைப் பிடித்துக்கொண்டு தீயைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குக் கதை தேவைப்படுவதில்லை. தலையாடிக்கு மாமனார் வீடு வந்திருக்கும் புது மாப்பிள்ளைக்கும்தான்.

பெரிய நாள் ஆடி பதினெட்டு, ஆடிப்பெருக்கு. அசலதீபேசுவரர் கோயிலை ஒட்டிய கரையில் பெண்கள் மணலில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள்; முளைப்பாரியை ஆற்றில் விடுவார்கள். அது முடிந்ததும் பசி. புளிச்சோறு முந்தின இரவே தயாராகியிருக்கும். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் மறுநாள் மதியம்வரை கெடாது, ருசியும் கூடும். தயிர்ச்சோற்றைப் பால் ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுக் கட்டினால் ஆற்றுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் பதமாய் உறைந்திருக்கும். வண்டியில் பயணம், நிழலில்லாத பாதை, சூடாக்க அடுப்பில்லை என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் இந்தச் சமையல் உருவானது.

அதைவிட வியப்பு, வெளியூரிலிருந்து வாங்க அதிகமாக ஒன்றும் இருந்திருக்காது என்பது. உட்காரும் பாய்க்குக் கோரை, சோறு கட்ட வாழையிலை, சுடுவதற்குத் தேங்காய், கடைசியில் மெல்ல வெற்றிலை: நான்கும் மோகனூர், பரமத்தி வேலூர் கரையில் விளைபவை. உள்ளே போடும் வெல்லத்துக்குக் கரும்பும் உண்டு. இவை எல்லாவற்றையும் விளைவித்த தண்ணீருக்கு, விளைந்ததையே மூட்டை கட்டி எடுத்துப்போய் விருந்து வைத்தார்கள்.

இந்தக் கரைக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று சொல்லிவிட முடியாது. வையைப் புதுவெள்ளத்தில் மதுரைக்காரர்கள் நீராடியதைப் பரிபாடல் பாடியிருக்கிறது. 1950-இல் வெளிவரத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ தொடரைக் கல்கி ஆரம்பித்ததும் வீராணம் ஏரிக்கரையில், ஒரு பதினெட்டாம் பெருக்கு நாளில்.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் மோகனூரில் பிறந்தபோது மேட்டூர் அணையும் இல்லை, கண்ணம்பாடி அணையும் இல்லை. ஆறு தன் போக்கில் வந்தது. 1924 ஜூலையில் அது கரைகொள்ளாமல் வந்து ஊர்களை அழித்தது. மறு ஆண்டே மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934-இல் அணை திறந்தபோது கவிஞருக்கு 45 வயது. அதன்பின் ஆடித் தண்ணீர் மழையை மட்டும் நம்பி வரவில்லை. அணையின் நீர்மட்டமும் மதகைத் திறக்கும் உத்தரவும் சேர்ந்து நோம்பியின் களையைத் தீர்மானித்தன. இருப்பு குறைந்த வருஷங்களில் கணுக்கால் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு திரும்பினார்கள். மிஞ்சினாலும் தொல்லைதான்: 2024 ஜூலை 30 அன்று அணை 120 அடியை எட்டி, ஒரு லட்சம் கன அடிக்கு மேல் உபரிநீர் பாய, கரையோர மாவட்டங்களில் ஆற்றில் இறங்கத் தடை போட்டார்கள். 2020-இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, முழு ஊரடங்கு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது; அந்த வருஷம் சித்திரான்னம் வீட்டுக்குள்ளேயே.

இப்போது கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஆடி 17, 18-இல் கொல்லிமலையில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. அதையொட்டி நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் கிடைப்பதால், இளவட்டங்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஆகாய கங்கைக்குப் போய்விடுகிறார்கள். கோடையில் போக இடம் கேட்டால் ஜேடர்பாளையத்தைக் காட்டுவார்கள். அல்லாள இளைய நாயக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ராஜவாய்க்கால் அங்குள்ள படுகை அணையில்தான் பிரிகிறது. அந்தப் பாசனத் தொகுப்பின் கடைக்கோடியில் இருப்பது மோகனூர் வாய்க்கால். தடுத்து நிறுத்திய தண்ணீர் இருப்பதால் ஜேடர்பாளையத்தில் மே மாதத்திலும் ஆள் சேர்கிறது. ஆனால் அங்கே புளிச்சோற்று மூட்டையைக் காண்பது அரிது. பூங்காவைச் சுற்றிவிட்டு, வறுத்த ஆற்று மீனுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.