வாய் நுண்ணுயிர்ச் சமநிலையும் பற்சொத்தையும்: சிங்கப்பூர்

மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை, வெளிக்கிருமிகள் குடியேறாதபடி இடத்தை அடைத்துக்கொள்பவை. 1924இல் லண்டனில் ஜே. கிலியன் கிளார்க் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைப் பிரித்தெடுத்தபின், நெடுங்காலம் அந்த ஒரு கிருமியின் மேலேயே பழி விழுந்தது. பிலிப் மார்ஷ் 1994இல் முன்வைத்த சூழலியல் கருதுகோள் அதை மாற்றியது. கிருமி வாயில் முன்பே இருக்கிறது. அடிக்கடி கிடைக்கும் சர்க்கரைதான் அதன் கையை ஓங்க வைக்கிறது.

சர்க்கரை பற்படலத்தில் பட்ட சில நிமிடங்களில் அமிலம் உண்டாகிறது. பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தை முறிக்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் அடுத்த மிடறு இறங்கினால், அமிலம் தாங்கும் இனங்கள் பெருகி, அம்மோனியா உண்டாக்கி அமிலத்தை மட்டுப்படுத்தும் இனங்கள் ஒடுங்கும். ஆகவே லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் டின் பால் ஊற்றிய தே தாரிக்கை ஒரேயடியாகக் குடித்து முடிப்பவரைவிட, அதையே முற்பகல் முழுதும் உறிஞ்சிக்கொண்டிருப்பவரின் பல்லுக்குத்தான் ஆபத்து அதிகம். இனிப்பு வேண்டாதவர் ‘கோசோங்’ என்று சொல்லி வாங்குவார்.

மக்கள் அனைவருக்குமான குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் திட்டத்தை ஆசியாவில் முதலில் தொடங்கியது சிங்கப்பூர், 1956இல். ஃபுளோரைடு கிருமிகளை ஒழிப்பதில்லை. எனாமலை அமிலத்துக்கு ஈடுகொடுக்க வைக்கிறது. சர்க்கரையை நேரடியாகக் குறிவைத்தது நியூட்ரி-கிரேடு என்னும் தரக்குறியீட்டுத் திட்டம்: அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலும், கடையில் கலக்கும் பானங்களுக்கு ஓராண்டு கழித்தும் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’ தரம். விளம்பரம் செய்ய முடியாது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. அன்றாடத் தேநீர் பெரும்பாலும் விற்பனையாவதோ அங்கேதான்.

சூயிங்கம் கதை விந்தையானது. கம்மில் சேர்க்கும் சைலிட்டால் என்னும் இனிப்பை மியூட்டன்ஸால் அமிலமாக்க முடியாது. மெல்லும்போது உமிழ்நீரும் ஊறும். ஆனால் 1992இல் தடைசெய்யப்பட்ட கம், 2004இல் பல்நலப் பொருளாக மட்டும், பல் மருத்துவர், மருந்தாளர் வழியாகத் திரும்பி வந்தது. வாங்குபவர் பெயரைப் பதியவேண்டியிருந்தது.

ஈறு நோய் வேறு கூட்டத்தின் வேலை. போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்றவை உயிர்வளி குறைந்த ஈறு இடுக்கில் பெருகுகின்றன. நீரிழிவு ஈறு நோயை முற்றச் செய்யும்; முற்றிய ஈறு நோய் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும்.

கிருமிகளை அடியோடு அழிப்பதும் தீர்வாகாது. கீரையில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, இரத்த அழுத்தம் தணிய உதவுபவை நாக்கின் பாக்டீரியாக்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கழுவி அவற்றையும் சேர்த்தே ஒடுக்கும்; பல் மருத்துவர்கள் அதைக் குறுகிய காலத்துக்கே பரிந்துரைக்கின்றனர்.