சிற்றப்பாவின் இருமல்

எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. ஆனால், பொழுது விடிந்ததை அதைப் பார்த்து யாரும் தெரிந்துகொண்டதில்லை. கொல்லைப்புறத்திலிருந்து சிற்றப்பாவின் இருமல் கேட்டால் மணி ஐந்து என்று அர்த்தம். அரை மணி நேரம் இருமித் தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைய முதல் சிகரெட்டைப் பற்றவைப்பார். "இது வெறும் சிகரெட் இருமல்டா, வியாதி இல்லை" என்பார். நானும் நம்பினேன். கடைக்கு ஓடிப்போய்ப் பெட்டி வாங்கி வந்தவன் நான்தானே!

அந்த இருமலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறதென்பதை வெகு காலம் கழித்துத்தான் அறிந்தேன்.

சுவீடன் தேசத்தில் மால்மோ என்றொரு துறைமுக நகரம். அங்கே கார்ல் பெர்டில் லாரெல் என்ற விஞ்ஞானி, நோயாளிகளின் ரத்தத்திலுள்ள புரதங்களை மின்சாரத்தின் உதவியால் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமார் 1500 மாதிரிகளில் ஐந்தில் மட்டும் ஒரு பட்டையைக் காணவில்லை. வேறொருவராயிருந்தால், ஏதோ கைப்பிசகு என்று ஒதுக்கியிருப்பார். லாரெல் ஒதுக்கவில்லை. ஸ்டென் எரிக்சன் என்ற இளம் டாக்டருடன் சேர்ந்து அந்த ஐவரின் கதையை விசாரித்தார். மூவருக்கு இள வயதிலேயே நுரையீரல் சிதைந்திருந்தது! 1963ஆம் ஆண்டு இருவரும் இதை வெளியிட்டார்கள்.

காணாமற்போன அந்தப் புரதத்தின் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். பெயர்தான் பயமுறுத்துகிறது, வேலை எளியது. திசுக்களை அரித்துக் கரைக்கும் நொதிகளுக்கு அது ஒரு கடிவாளம். கடிவாளம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பால் கிராஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொன்னது. பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் என்னும் நொதியை எலிகளின் நுரையீரலில் செலுத்தினார்கள். கறி சீக்கிரம் வேகவேண்டுமென்று சமையலறையில் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோம் அல்லவா? அதே சரக்குத்தான். எலிகளின் காற்றறைச் சுவர்கள் கரைந்து உடைந்துபோயின.

சரி, சிகரெட் பிடிப்பவனின் மார்புக்குள் இந்தப் பப்பாளிப் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவது யார்? அவனுடைய உடம்பேதான்!

சிகரெட் புகையில் 7000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு. அவற்றுள் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்றவை, சுவாசக்குழாயில் சளியைத் தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய மயிரிழைகளை முடக்குகின்றன. சளி தேங்குகிறது. காயப்பட்ட குழாய்ச் சுவர் 'ஆபத்து' என்று செய்தி அனுப்ப, ரத்தத்து வெள்ளை அணுக்கள் படையெடுத்து வருகின்றன. கிருமிகளைக் கொல்லும் நொதியை அங்கே கொட்டுகின்றன. குழாய் சிவந்து, வீங்கி, தடித்து, குறுகுகிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். காவலாளியே வீட்டுச் சுவரை இடிக்கிற கதை இது. போதாக்குறைக்கு, கடிவாளமான அந்தப் புரதத்தையும் புகை பழுதாக்கிவிடுகிறது. மால்மோவின் ஐவருக்குப் பிறவியிலேயே குறைந்திருந்ததைப் புகைப்பவன் ஓரளவு தன் கையாலேயே தினமும் கெடுத்துக்கொள்கிறான்.

1980ஆம் வருஷம். திண்ணைக்கும் வாசலுக்கும் நடக்கவே சிற்றப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "இப்போதாவது விட்டுவிடுங்களேன்" என்றேன். சிரித்தார். "வெந்துபோன வீட்டில் இனிமேல் எதையடா காப்பாற்றுவது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் அதற்கு மூன்று வருஷம் முன்பே லண்டனில் அச்சாகியிருந்தது. சார்லஸ் ஃபிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும், மேற்கு லண்டனில் 792 ஆண்களின் மூச்சை எட்டு ஆண்டுகள் அளந்து பார்த்து 1977இல் எழுதினார்கள். புகைப்பவர் எல்லாருக்கும் ஒரே அளவில் சேதம் வருவதில்லை. போன மூச்சுத் திரும்புவதும் இல்லை. ஆனால், எந்த வயதில் விட்டாலும், அதன்பின் மூச்சு குறையும் வேகம், புகைக்காதவனுடைய வேகத்தை ஒட்டி வந்துவிடுகிறது. அதாவது, வெந்தது வெந்ததுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

சிற்றப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? தெரியாது. சொல்ல எனக்கு விஷயம் தெரியாமல் போயிற்றே என்பதுதான் என் குறை. உங்கள் வீட்டிலும் விடியற்காலையில் ஓர் இருமல் கேட்டால், அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.