செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல

டீசல் வண்டியோடு பழகிய எவருக்கும் இந்த வாக்கியம் தெரியும். சாவியைத் திருப்புகிறோம். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறது. அந்தச் சத்தம் இதோ மாறப்போகிறது, இன்ஜின் தானாக மூச்சு விடப்போகிறது என்று காத்திருக்கிறோம். மாறுவதில்லை. பேட்டரி இறங்கி வெறும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டால் பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். இது அப்படி இல்லை. உயிர் இருப்பதுபோல இருக்கிறது, ஆனால் இல்லை.

இந்தக் கோளாறை ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை வைத்துப் பார்க்கலாம். ஸ்கிட் ஸ்டியர் லோடர். நம்மூரில் பலரும் அதை 'பாப்கேட்' என்றுதான் சொல்கிறார்கள். குப்பை அள்ளும் இடத்திலும் கட்டுமான இடத்திலும் குறுகிய சந்துக்குள் புகுந்து, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும் சின்ன வண்டி. அதன் சக்கரங்கள் திரும்பாது. இடது பக்கச் சக்கரங்களை ஒரு வேகத்திலும் வலது பக்கத்தை வேறு வேகத்திலும் ஓட்டினால் டயர்கள் தரையில் வழுக்கிக்கொண்டு வண்டி திரும்பும்.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் கால்நடைப் பண்ணைகளின் வேலைகள் பலவும் இதில் நடக்கின்றன. மின்னசோட்டாவில் ஜனவரி மாதத்துக் காலையில் மைனஸ் 20 டிகிரி குளிரில் இது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது வெறும் அசௌகரியம் அல்ல. சாணம் அப்படியே கிடக்கும், மாடுகளுக்குத் தீவனம் போய்ச் சேராது.

ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்கு மெக்கானிக்குகளிடம் ஒரு வரிசை உண்டு. அதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரிகிறது. வண்டிக்குள் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த கண்டுபிடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் 'சரி' சொன்னால்தான் இன்ஜின் பற்றும். என்னைப்போல மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய நிலைமை. போன வாரம் எழுதிய வரியும் இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய வரியும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பிழை வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தக் காலத்துப் பிழை?

*

வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் டீசல் இன்ஜினுக்கே இந்த வியாதிதான் இருந்தது.

ருடால்ஃப் டீசல் 1893-ல் தன் காப்புரிமையைப் பெற்றார். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு மின்பொறி வேண்டும். அந்தப் பொறியே வேண்டாம் என்றார் டீசல். காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து மிகக் கடுமையாக அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம், அதே கதைதான். தென்கிழக்கு ஆசியாவில் மலாய் மக்களும் மற்றவர்களும் ஒரு சிறு குழாயில் தண்டை வேகமாக அடித்து, உள்ளே வைத்த பஞ்சில் நெருப்பு உண்டாக்கி வந்தார்கள். டீசலின் இன்ஜின் அதே தத்துவத்தைச் சக்கரம் சுற்ற வைத்தது.

1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் முதல் சோதனை. தொழிற்சாலையின் தண்டிலிருந்து ஒரு பெல்ட் போட்டு இன்ஜினைச் சுற்றினார்கள். இன்றைய செல்ஃப் மோட்டார் செய்வதை அன்று அந்த பெல்ட் செய்தது. எரிபொருளைச் செலுத்தியதும் வெடித்தது. அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறியது. கருத்து சரி என்று தெரிந்துவிட்டது, ஆனால் இன்ஜின் தன் காலில் நிற்கவில்லை.

அதற்கு இன்னும் மாதங்கள் ஆயின. 1894 பிப்ரவரி 17 அன்று, சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டின் இழுவை திசை மாறியதை அங்கிருந்த மெக்கானிக் ஒருவர் கவனித்து, ஒன்றும் சொல்லாமல் தன் தொப்பியைக் கழற்றினார் என்று ஒரு கதை உண்டு. பெல்ட் இன்ஜினை ஓட்டவில்லை, இன்ஜின்தான் பெல்ட்டை ஓட்டுகிறது என்பதை முதலில் கண்டது அவருடைய கண். அந்த ஓட்டம் ஒரு நிமிடம் நீடித்தது. 1897-ல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறையாகச் சோதித்தபோது எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை அந்த இன்ஜின் வேலையாக மாற்றியது. சாதாரண நீராவி இன்ஜின்கள் பத்து சதவீதத்தைத் தாண்டத் திணறிய காலம் அது.

எனவே அடிமட்டக் கேள்வி இதுதான்: காற்று போதுமான அளவு சூடாகிறதா? இன்றைய மெக்கானிக் கேட்கும் சில கேள்விகள் 1893-ஐச் சேர்ந்தவை. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் காற்று கசிந்து வெளியேறவும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். இன்ஜின் சுற்றும், பற்றாது. பேட்டரி 'இருக்கிறது' என்பது மட்டும் போதாது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? ரிங் தேய்ந்து, வால்வு கசிந்து கம்ப்ரஷன் போய்விட்டதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் செலவு பெரிது. அதனால்தான் வரலாற்றில் முதலில் வந்த கேள்வி சோதனையில் கடைசியில் வருகிறது.

*

காற்று சரி. எரிபொருள்?

டீசலின் இன்ஜினில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ள அழுத்திய காற்றைப் பயன்படுத்தினார்கள். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். அந்தக் கனத்தோடு இன்ஜின் கப்பலிலும் ஆலையிலும் வேலை செய்யலாம், வண்டியில் ஏற முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்ததில் பெரும்பங்கு ராபர்ட் போஷ் நிறுவனத்துக்கு உண்டு. 1922-ல் வேலையைத் தொடங்கி 1927-ல் எரிபொருள் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். துளித்துளியாக அளந்து, சரியான கணத்தில், மிகுந்த அழுத்தத்தில் தெளிக்கும் பம்ப். நம்மூரில் 'பம்ப் நாசில்' என்று போர்டு மாட்டிய கடைகள் எல்லாம் அந்த 1927-ன் வாரிசுகள்.

இந்த அடுக்கைச் சோதிக்க முதல் கருவி கண். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா? புகையே இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. இந்த ஒரு பார்வையிலேயே பிரச்சினை பாதியாகக் குறைந்துவிடும்.

புகை இல்லையா? டேங்கில் டீசல் உண்டா, ஃபில்டர் அடைத்ததா, லைனில் காற்று புகுந்ததா என்று பின்னோக்கிப் போக வேண்டும். போஷ் பம்பின் பலவீனம் காற்று. டீசலை அழுத்தினால் நாசில் திறக்கும். காற்றை அழுத்தினால் காற்றுதான் சுருங்கும், நாசில் அசையாது. ஒரு விரிசல் விட்ட ரப்பர் குழாய் போதும். டீசல் வெளியே ஒழுகக்கூடச் செய்யாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுக்கிறார்கள். மின்னசோட்டாக் குளிரில் இன்னொன்றும் உண்டு. டீசலில் இருக்கும் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும்.

வெள்ளைப் புகை வருகிறதா? அப்போது சந்தேகம் க்ளோ பிளக் மீது. பென்ஸ் நிறுவனத்தில் இருந்த ப்ராஸ்பர் லோரான்ஜ் 1909-ல் காப்புரிமை பெற்ற யோசனை, சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை வைத்து அதில் எரியத் தொடங்குவது. சின்ன இன்ஜின்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் சூட்டைக் குடித்துவிடும். எனவே அதைக் காயவைக்க ஒரு மின்கம்பி. 1980-களின் பாப்கேட் 743-ல் இருந்த குபோட்டா இன்ஜின் இந்த ஜாதிதான். நாலு க்ளோ பிளக்கில் இரண்டு போனால் கோடையில் தெரியாது, ஜனவரியில் தெரியும். அவசரத்தில் ஈதர் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. சிவக்கக் காய்ந்த பிளக் மீது ஈதர் பட்டால் உள்ளேயே வெடித்து பிஸ்டன் உடையலாம்.

*

இதுவரை பார்த்ததெல்லாம் 'முடியவில்லை' என்ற வகை. சூடு இல்லை, டீசல் இல்லை, அதனால் பற்றவில்லை. அடுத்த அடுக்கு வேறு மாதிரி. அதற்கு முடியும், ஆனால் அது மறுக்கிறது.

மின்னசோட்டாவின் ராத்சே என்ற சிற்றூரில் லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்கள். எடி வீலோ என்ற வான்கோழிப் பண்ணையாளர் அவர்களிடம் ஒரு தேவையோடு வந்தார். அவருடைய கொட்டகை மாடி வைத்தது, உள்ளே தூண்கள். மாடித் தளம் தாங்கும் அளவுக்கு லேசாக, தூண்களுக்கு நடுவே திரும்பும் அளவுக்குச் சின்னதாக, எச்சம் அள்ளும் ஒரு வண்டி வேண்டும். சகோதரர்கள் பட்டறையிலேயே செய்தார்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் தானாகச் சுழலும் ஒன்று, பெட்ரோல் இன்ஜின். 1957 பிப்ரவரி 4 அன்று வண்டி வீலோவிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வடக்கு டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு சகோதரர்களையும் வேலைக்குச் சேர்த்தது. 1960-ல் நான்கு சக்கர எம்-400 வந்தது. 1962-ல் 'பாப்கேட்' என்ற பெயர். 2023-ல் கெல்லர் சகோதரர்களின் பெயர் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் ஏறியது.

சின்னதாக இருக்க வேண்டும் என்ற அந்தத் தேவை ஒரு விலையையும் வைத்தது. ஓட்டுபவர் இரண்டு தூக்குக் கைகளுக்கு நடுவே உட்கார்கிறார். ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கம் வாளிக்கு மேலாக. கைகள் மேலே தூக்கியிருக்கும்போது ஒருவர் வெளியே தலை நீட்டி, கால் தவறி ஒரு பெடலில் பட்டால் கைகள் இறங்கும். வண்டியின் சட்டத்துக்கும் தூக்குக் கைக்கும் நடுவே நசுங்கிப் பலர் இறந்தார்கள். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-ல் இந்த வண்டிகளுக்கென்றே தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றாதீர்கள், ஏமாற்றாதீர்கள் என்பது அதில் முக்கியமான அறிவுரை.

அந்தப் பாதுகாப்புக் கருவிகள்தான் மடியில் இறங்கும் கம்பியும், இருக்கைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சும். ஆள் உட்கார்ந்து கம்பியை இறக்கினால்தான் வண்டி கேட்கும். மாடலுக்கு மாடல் முறை மாறும். சிலவற்றில் இன்ஜின் ஓடும், கைகள் மட்டும் பூட்டியிருக்கும். சிலவற்றில் செல்ஃபே சுற்றாது. சிலவற்றில் செல்ஃப் சுற்றும், டீசல் திறக்காது.

டீசலைத் திறப்பது ஒரு சின்ன சொலினாய்டு. டீசல் இன்ஜினில் அணைக்க மின்பொறி இல்லை. நிறுத்த வேண்டும் என்றால் எரிபொருளை நிறுத்த வேண்டும். பழைய லாரிகளில் ஒரு குமிழை இழுத்து நிறுத்துவார்களே, அந்த வேலையைச் சொலினாய்டு செய்கிறது. மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் ஸ்பிரிங் மூடிவிடும். எலி கடித்த ஒயரும், துருவேறிய இருக்கை ஸ்விட்சும், உண்மையிலேயே ஆள் இல்லாத இருக்கையும் அதற்கு ஒன்றுதான். சாவியைத் திருப்பும்போது பம்ப் பக்கம் ஒரு 'டக்' கேட்கிறதா என்று மெக்கானிக் காது கொடுப்பது இதற்காகத்தான்.

*

இதற்கு மேல் இன்னொரு அடுக்கு. 1990-களில் வந்த காமன் ரெயில் முறையில் எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. 2008 முதல் 2015 வரை படிப்படியாக வந்த அமெரிக்காவின் நான்காம் கட்டப் புகைக் கட்டுப்பாடுகள் சென்சார்களைப் பெருக்கின. இந்த வண்டியில் ஒரு சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் டீசலைத் தராது. நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய கைப்பழக்கம் இங்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கோளாறு என்ன என்பதை வண்டி ஓர் எண்ணாகச் சொல்லும், ஆனால் அதை முழுதாக வாசிக்கும் மென்பொருள் பல நேரம் டீலரிடம் மட்டும் இருக்கும். இதை எதிர்த்து விவசாயிகள் போராடியதன் பலனாக, 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆக, மறுப்பிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று செத்தவர்களின் நினைவாக வைத்த மறுப்பு. மற்றது வியாபாரத்துக்காகப் போட்ட பூட்டு. குளிரில் நிற்கும் விவசாயிக்கு இரண்டும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன: செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டின் மீதும் வருவது ஒரே கோபம். அந்தக் கோபத்தில் கை போவது ஒரே இடத்துக்கு, ஒரு ஜம்பர் ஒயருக்கு.

என் கவலை இங்கேதான். டீலர் பூட்டை உடைக்கக் கற்றுக்கொண்ட கை, இருக்கை ஸ்விட்சையும் அதே வேகத்தில் இணைத்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும். அன்றைக்குத் தீவனம் போய்ச் சேரும். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று விட்ட ஒயர் அங்கேயே பல வருடம் இருக்கும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாத வேறொருவர் ஒரு நாள் அந்த வண்டியில் ஏறும் வரை. பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உரிமையோடு சேர்ந்தே வர வேண்டியது, எந்த 'முடியாது' எங்கிருந்து வந்தது என்ற அறிவு. விவரத்தைப் பூட்டி வைக்கும் நிறுவனங்கள் உண்மையில் பறிப்பது அதைத்தான்.

நல்ல மெக்கானிக்கின் வரிசை இந்த அறிவைத் தனக்குள் வைத்திருக்கிறது. தூக்கிய கைகளுக்கு முட்டுக் கொடு, அல்லது இறக்கிவிடு. செல்ஃப் வேகத்தைக் கேள். புகையைப் பார். 'டக்' கேட்கிறதா கவனி. டீசல், ஃபில்டர், காற்று என்று லைனில் பின்னோக்கிப் போ. க்ளோ பிளக்கை அள. கடைசியில் கம்ப்ரஷன். நடுவில் இருக்கை ஸ்விட்ச் போயிருப்பது தெரிந்தால் அதைச் சுற்றிப் போகாதே, மாற்று.