மீண்டும் களம் புகுந்த வலவர்

2011-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், தலைநகர் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் பாரத நாட்டின் முதல் பார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடைபெற்றது. அன்று களத்தில் நின்ற கார்களுள் இரண்டை, ஒருமுறை அக்களத்தை விட்டு நீங்கிப் பின் திரும்பி வந்த இருவர் ஓட்டினர். ஒருவர் நம் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். 2005-இல் இப்பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்று, அவ்வாண்டோடு இடமிழந்து, 2011-இல் மீண்டவர். மற்றவர் ஏழு முறை உலகப் பட்டம் பெற்ற ஜெர்மானியர் மைக்கேல் ஷூமாக்கர். 2006-இல் ஓய்வு பெற்று, 2010-இல் திரும்பியவர். அன்று ஷூமாக்கர் ஐந்தாவதாகவும், மிக மெலிந்த காரொன்றைப் பெற்றிருந்த நரேன் பதினேழாவதாகவும் பந்தயத்தை முடித்தனர்.

நரேன் ஏன் திரும்பினார் என்று எவரும் கேட்கவில்லை. பெறாத ஒன்றைப் பெற விழைந்தார் என்பது வெளிப்படை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்துவிடும் நம் காலனிப் பிள்ளைகள் ஷூமாக்கரைப் பற்றி அக்காலத்தில் கேட்ட கேள்வி நியாயமானது. பெறத்தக்க அனைத்தையும் பெற்று, உயிரோடும் உடற்குறையின்றியும் வீடு சேர்ந்த ஒருவர், மறுபடியும் ஏன் அங்கே போகிறார்?

தேர் செலுத்துபவனை வலவன் என்பது பழந்தமிழ் வழக்கு. வினை முடித்து மீளும் தலைவன், இல்லத்தில் காத்திருப்பவளை எண்ணி, தேரை விரைந்து செலுத்துமாறு வலவனை வேண்டுவதையே முல்லைத்திணைப் பாடல்களில் நாம் காண்கிறோம். வீடு சேர்ந்த வலவன் பின்னர்த் தானே களத்தை நாடிப் புறப்படும் கதைக்கு அங்கே இடமில்லை. அதனை மோட்டார்ப் பந்தயத்தின் வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இத்தாலியரான தாட்சியோ நுவோலாரியிடமிருந்து தொடங்குவது பொருத்தம். 1892-இல் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே பெரும் புகழ் எய்தியவர். போர் முடிந்து பந்தயங்கள் மறுபடியும் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. ஆண்டுக்கணக்காகச் சுவாசித்த எஞ்சின் புகையால் நுரையீரல் கெட்டிருந்தது. மூத்த மகனை 1937-இலும், இளைய மகனை 1946-இலும் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். 1948-இல், நாடளாவிய ஆயிரம் மைல் சாலைப் பந்தயமான மில்லே மில்யாவில் பெராரி கார் ஒன்றை ஓட்டி முன்னணியில் வந்தார். வழியில் எஞ்சின் மூடி பறந்து போயிற்று. சக்கரக் காப்பு ஒன்றும் கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை. இறுதியில் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே பின்பக்க வில் முறிந்த பின்னரே கார் நின்றது. இதனை வீரம் என்பதா, துயரத்தினின்று ஓடிய ஓட்டம் என்பதா? இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அர்ஜென்டினாவின் பாஞ்சியோ வேறு வகையினர். 1951-இல் நாற்பதாம் வயதில் உலகப் பட்டம் பெற்ற அவர், 1952 ஜூன் மாதம் அயர்லாந்தில் ஒரு பந்தயத்தை முடித்துக்கொண்டு, மறுநாளே இத்தாலியின் மோன்சாவில் ஓட்ட வேண்டியிருந்தது. விமானம் கிடைக்கவில்லை. பாரிஸிலிருந்து இரவெல்லாம் தாமே காரோட்டி வந்து, பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே களத்தை அடைந்தார். உறங்காத கண்களோடு புறப்பட்டவர் இரண்டாம் சுற்றிலேயே தடம் புரண்டு கழுத்தெலும்பு முறிந்தார். அவ்வாண்டு முழுவதும் ஓய்வு. மறு ஆண்டு அதே மோன்சாவில் வெற்றி பெற்றார். 1954 முதல் 1957 வரை நான்கு ஆண்டுகளும் பட்டம் அவருடையதே. களைத்த உடலோடு ஒருபோதும் களம் புகலாகாது என்பதே அவ்விபத்திலிருந்து தாம் கற்ற பாடம் என்று அவர் கொண்டார். நுவோலாரி கணக்குப் பார்க்காதவர். பாஞ்சியோ கணக்குப் பார்க்கக் கற்றவர். இக்கணக்கைத் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்ட மூன்றாமவர் ஒருவர் உண்டு. இக்கட்டுரை அவரைப் பற்றியதுதான்.

ஆஸ்திரியாவின் வியன்னாவில் காகித ஆலைச் செல்வர் குடும்பத்தில் 1949-இல் பிறந்த நிக்கி லௌடா, 1975-இல் பெராரி காரில் உலகப் பட்டம் பெற்றார். 1976-இலும் அவரே முன்னணியில் இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் பந்தயம். காடு மலைகளினூடே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளும் அக்களத்தில், விபத்து நேர்ந்த இடத்திற்கு உதவி விரைந்து சேர வழியில்லை; ஆகவே அங்கே ஓட்டலாகாது என்று முன்னரே வாதாடியவர் லௌடாதான். ஓட்டுநர்கள் கூடி வாக்கெடுத்தபோது அவர் கருத்துத் தோற்றது. தோற்றவர் தாமும் ஓட்டினார். இரண்டாம் சுற்றில் அவருடைய கார் திசைமாறிக் கரையில் மோதித் தீப்பற்றியது. பின்னால் வந்த கார்களும் அதன்மேல் மோதின. தலைக்கவசம் கழன்றுவிட்டது. மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் என்ற நான்கு சக ஓட்டுநர்கள் தீக்குள் கைவிட்டு அவரை மீட்டனர். அவர் அஞ்சியது போலவே, உதவி வந்தது காவலரிடமிருந்து அன்று, எதிராளிகளிடமிருந்து. மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கும் செய்துவிட்டார்.

நாற்பத்திரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 12-இல், அவர் மோன்சாவில் கார் ஏறினார். காயங்கள் ஆறவில்லை; தலைக்கவசத்தின் உட்துணியைக் கழற்றியபோது கட்டுகளில் இரத்தம் ஊறியிருந்தது. நான்காவதாக வந்தார். பத்திரிகையாளரிடம் அச்சமே இல்லை என்பது போல நடந்துகொண்டார். உண்மையில் அச்சத்தால் உடல் விறைத்துப் போயிருந்ததாகப் பின்னாளில் தம் நூலில் எழுதினார். இதனை அவர் மறைக்காமல் எழுதியதே அவர்மீது என் மதிப்பைக் கூட்டியது.

அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் அக்டோபர் 24-இல், ஜப்பானின் பூஜி மலையடிவாரத்தில். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஹண்டைவிட லௌடா 3 புள்ளிகள் முன்னே இருந்தார். அடைமழை, தடமெல்லாம் தண்ணீர், எதிரே செல்லும் கார் தெரியாத நீர்த்திரை. தீக்காயத்தால் கண்ணிமைகள் சரிவர மூடாத நிலை வேறு. இரண்டு சுற்றுக்களுக்குப் பின் லௌடா காரை நிறுத்திவிட்டு இறங்கினார். எஞ்சின் பழுது என்று வெளியே சொல்லிவிடலாமே என்று பெராரியின் பொறியாளர் போர்கியேரி உதவ முன்வந்தார். லௌடா அதனை ஏற்கவில்லை. இந்நிலையில் ஓட்டுவது அறிவீனம், ஆகவே நிறுத்தினேன் என்றே கூறினார். மூன்றாவதாக வந்த ஹண்ட் 69 புள்ளிகளோடு பட்டம் பெற்றார். லௌடாவுக்கு 68. இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கோழை என்று ஏசின. தீக்குள்ளிருந்து ஆறு வாரங்களில் மீண்டவனை ஏசியவர்கள், அன்று மழையில் நனையாமல் எழுதியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1977-இல் அவர் மறுபடியும் பட்டம் பெற்று, பெராரியை விட்டு நீங்கினார். 1979-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில், பந்தயத்திற்கு முந்தைய பயிற்சியின் நடுவிலேயே, வட்டம் சுற்றி அலுத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பந்தய வாழ்வையே துறந்தார். பிறகு சொந்தமாக விமானக் கம்பெனி நடத்தினார். அதன் பணமுடைதான் அவரைத் திரும்ப அழைத்தது என்று பேசியவர் பலர். காரணம் எதுவாயினும், மக்லாரன் அணியின் ரான் டென்னிஸ் அழைக்க, 1981-இல் இங்கிலாந்தின் டானிங்டன் களத்தில் சோதனைக்காகக் கார் ஏறினார்.

இரண்டே ஆண்டுகளில் கார்கள் வேறாகிவிட்டிருந்தன. அடிப்பகுதியில் காற்றழுத்தத்தைக் குறைத்துக் காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் அமைப்புப் பரவியிருந்தது. அதனால் வளைவுகளில் வேகம் மிகுந்தது, வில்கள் இறுகின, ஓட்டுநரின் கழுத்தும் கைகளும் முன்னெப்போதும் அறியாத சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. லௌடா தம் உடல் போதாது என்று கண்டார். வில்லி டுங்கல் என்ற பயிற்சியாளரிடம் சென்று, பள்ளிச் சிறுவனைப் போல உடற்பயிற்சியைத் தொடங்கினார். 1982 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் அவரது மறுபிரவேசம். வந்ததும் முதற்காரியம் வேலை நிறுத்தம்! ஓட்டுநர் உரிமத்தில் புகுத்தப்பட்டிருந்த நிபந்தனைகளை எதிர்த்து, லௌடாவும் பிரெஞ்சுக்காரரான பிரோனியும் ஓட்டுநர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஜோஹானஸ்பர்க் ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். உலகின் அதிவேக மனிதர்கள் அனைவரும் அன்றிரவு ஒரே கூடத்தில் படுத்துறங்கினர். களத்தில் அவர் நான்காவதாக வந்தார். மூன்றாம் பந்தயமான அமெரிக்காவின் லாங் பீச்சில், ஏப்ரல் 4-ஆம் நாள், வெற்றி பெற்றார்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த நான்கு ஆண்டுகளில் லௌடா ஒரு பந்தயத்திற்கேனும் முதல் வரிசை முதலிடத்தைப் பிடிக்கவில்லை. முதல் வாழ்வில் 24 முறை பிடித்தவர் அவர்! ஒற்றைச் சுற்றின் உச்ச வேகம் அவரை விட்டுப் போயிருந்தது. 1984-இல் தம்மைவிட ஆறாண்டு இளையவரான அலேன் பிராஸ்ட் மக்லாரன் அணிக்கு வந்தபோது, அது ஐயமறத் தெரிந்தது. வேகத்தில் அவ்விளைஞரை வெல்ல முடியாது என்று லௌடா முடிவு கட்டினார். ஆகவே வேறு வழியில் உழைத்தார். தகுதிச் சுற்றை மறந்து, பந்தயத்திற்கேற்ற முறையில் காரைப் பதப்படுத்துவதிலேயே பயிற்சி நேரத்தைச் செலவிட்டார். அவ்வாண்டு நடுவழியில் பெட்ரோல் நிரப்புதல் தடை செய்யப்பட்டு, பந்தயம் முழுவதற்கும் 220 லிட்டரே என்று விதி வந்திருந்தது. சிக்கனமும் பொறுமையும் அறிந்தவனுக்கு அது வாய்ப்பான ஆண்டு. பிராஸ்ட் 7 வெற்றிகள், லௌடா 5. இருப்பினும், அக்டோபர் 21-இல் போர்ச்சுகலின் எஸ்டோரில் களத்தில் கடைசிப் பந்தயம் வந்தபோது லௌடாவே முன்னணி.

அன்று பிராஸ்ட் வென்றாலும் லௌடாவுக்கு இரண்டாமிடம் போதும். ஆனால் புறப்பட்டதோ பதினோராம் இடத்திலிருந்து. பிராஸ்ட் முன்னே சென்றுவிட்டார். லௌடா ஒவ்வொருவராகக் கடந்து மூன்றாமிடத்தை அடைந்தார். இரண்டாமிடத்திலிருந்த மான்செல் வெகுதூரம் முன்னே இருந்தார். அவருடைய பிரேக் பழுதாகி அவர் விலகவே, லௌடா இரண்டாமவரானார். 72 புள்ளிகள், பிராஸ்ட்டுக்கு 71.5. அரைப்புள்ளியில் உலகப் பட்டம் அதற்குமுன் எவரும் பெற்றதில்லை.

அந்த அரைப்புள்ளி எங்கிருந்து வந்தது? அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் மொனாக்கோவில் மழை கொட்டிற்று. பிராஸ்ட் முதலிலும், அயர்டன் சென்னா என்ற பிரேசில் நாட்டுப் புதியவர் நெருங்கி இரண்டாவதாகவும் வந்துகொண்டிருக்கையில், 31 சுற்றுக்களோடு பந்தயம் நிறுத்தப்பட்டது. உரிய தூரம் ஓடாததால் பாதிப் புள்ளிகளே. பிராஸ்ட்டுக்கு 9-க்குப் பதில் 4.5. பந்தயம் தொடர்ந்து, சென்னா அவரை வென்றிருந்தாலும்கூட, இரண்டாமிடத்திற்குரிய 6 புள்ளிகள் கிடைத்திருக்கும். ஆண்டு முடிவில் 73 ஆகி, பட்டம் பிராஸ்ட்டுடையதாகியிருக்கும். பூஜியில் மழைக்காகத் தாமே நிறுத்தி ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தவர், எட்டாண்டுகளுக்குப் பின், மழைக்காகப் பிறர் நிறுத்திய பந்தயத்தால் அரைப்புள்ளியில் அதனைப் பெற்றார். கதாசிரியன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் நம்பத்தகாதது என்று ஒதுக்கியிருப்போம்.

திரும்பிய மற்றவர்களுள் பிராஸ்ட்டும் ஒருவர். 1992 முழுதும் வெளியே இருந்து, 1993-இல் வந்து பட்டம் கொண்டார். எஸ்டோரிலில் பிரேக் இழந்த அதே மான்செல் 1994-இல் திரும்பி, 41-ஆம் வயதில் ஆஸ்திரேலியாவில் வென்றார். மறு ஆண்டு புதிய காரின் இருக்கைப் பள்ளம் அவர் உடலுக்குப் போதாமல், அகலமானது செய்து தரும்வரை காத்திருந்து, இரண்டே பந்தயங்களில் விலகினார். இதில் சிரிக்கவும் இடமுண்டு, வருந்தவும் இடமுண்டு. போலந்துக்காரரான குபிட்சா, 2011-இல் ஒரு சாலைப் பந்தய விபத்தில் வலக்கை பெரிதும் சிதைந்த பின்னும், 2019-இல் மீண்டு, அவ்வாண்டு வில்லியம்ஸ் அணி பெற்ற ஒரே புள்ளியைப் பெற்றுத் தந்தார்.

ஷூமாக்கருக்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. முன்பு பெராரியின் சொந்தத் தடத்தில் சோதித்துச் சோதித்துக் காரைத் தம் கைக்குப் பழக்கியவர் அவர். திரும்பியபோது, ஆண்டின் நடுவே சோதனை ஓட்டம் கூடாது என்று விதி மாறியிருந்தது. பலத்தின் வேர் எதுவோ அதுவே வெட்டப்பட்டிருந்தது. 2012-இல் மொனாக்கோவின் தகுதிச் சுற்றில், 43 வயதில், அனைவரையும் விட வேகமாக ஓட்டினார். ஆனால் முந்தைய பந்தயத்து மோதலுக்கான தண்டனையால் ஐந்து இடங்கள் பின்தள்ளப்பட்டார். மூன்றாண்டுகளில் 58 பந்தயங்கள் ஓட்டி, அவ்வாண்டு வாலென்சியாவில் பெற்ற மூன்றாமிடம் ஒன்றே மிச்சம். 91 வெற்றிகளை வைத்திருந்தவருக்கு இது போதுமா என்று பிள்ளைகள் கேட்டனர். போதாது என்று தெரிந்தும் மூன்றாண்டுகள் முழுதும் அவர் ஓட்டினார் என்பதே நான் அவர்களுக்குச் சொன்ன விடை.

லௌடாவுக்கு 1985 நல்ல ஆண்டாக அமையவில்லை. கார் அடிக்கடி பழுதாயிற்று. ஆகஸ்டு மாதம் தாய்நாட்டுப் பந்தயத்தின்போது ஓய்வை அறிவித்தார். ஒரு வாரம் கழித்து, ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் களத்தில், பத்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு முன்னணிக்கு வந்து, இறுதிச் சுற்றுக்களில் பின்னால் நெருக்கிய பிராஸ்ட்டுக்கு வழிவிடாமல், கால் நொடிக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். அது அவருடைய 25-ஆவது வெற்றி, அதுவே கடைசி. நவம்பர் 3-ஆம் நாள் அடிலெய்டில் இறுதிப் பந்தயம். அதிலும் முன்னணியில் சென்றுகொண்டிருந்தவரின் பிரேக் பிசகி, கார் சுவரில் மோதி நின்றது. காயமின்றி இறங்கிய அவர், தீத்தழும்புகளை மறைக்கத் தாம் எப்போதும் அணியும் சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அன்றே ஊருக்குப் புறப்பட ஆயத்தமானார்.