பேஸ்மட்டமும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்

போன மாசம் அம்மா போன்ல சொன்னாங்க: "பாத்ரூம் சுவத்துல காரை தட்டு அளவுக்குப் பேர்ந்து விழுந்துச்சுடா. நல்லவேளை, நான் அப்பதான் குளிச்சிட்டு வெளியில வந்தேன்." அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. அன்னிக்கு ராத்திரியே கல்பாக்கத்துக்கு பஸ் ஏறிட்டேன்.

அப்பா 1980களில் கட்டின வீடு. அப்போ தெருவை விட மூணு படி உயரம். பழைய ரோட்டைச் சுரண்டாம அதுக்கு மேலேயே ரோடு போட்டுப் போட்டு, இப்போ பாத்ரூமுக்கு ரெண்டு படி இறங்கணும். நம்மூர் கொத்தனாருக்கு பேஸ்மட்டம்னா தரைக்கு மேல நிக்கிறது, அமெரிக்காக்காரனுக்குத் தரைக்குக் கீழே இருக்கிறது. எங்க வீட்டு பேஸ்மட்டம் இங்கே பிறந்து அமெரிக்காவுல செட்டில் ஆன கேஸ் :-)

இதுல என் பங்கும் இருக்கு. மூணு வருஷம் முன்னால அதே சுவத்துல உப்பு பூத்தப்போ, சிமென்ட்ல கெட்டியா பூசி நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினது நான்தான். ஓதம் வெளிய வர வழியில்லாம டைல்ஸுக்குப் பின்னாடியே ஏறி, அஞ்சாவது அடியில வெடிச்சது. அங்கேர்ந்து விழுந்ததுதான் அம்மா சொன்ன காரை.

கொத்தனார் வர லேட்டாச்சு. சும்மா உட்கார முடியாம சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு நடந்தேன். சின்ன வயசுல ஓடிப் பிடிச்சு விளையாடின இடம், ஆனா சுவரை அன்னிக்குத்தான் உத்துப் பார்த்தேன். டச்சுக்காரங்க மஸ்லின் துணி வியாபாரத்துக்காகக் கட்டின செங்கல் கோட்டை. 1781-ல ஆங்கிலேயர் பிடிச்சாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரி 17-ல பிரெஞ்சு சூஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும் இதே கடல்ல மோதினாங்க. 1824 ஒப்பந்தத்தோட டச்சுக்காரங்க கதை இங்கே முடிஞ்சது. இவ்வளவு அடிபட்டும், எதிர்ல கடல் உப்புக்காத்து அடிச்சும், செங்கல்லுக்கு நடுவுல இருக்கிற சுண்ணாம்புச் சாந்து பல இடத்துல இன்னும் கெட்டியா இருக்கு. என் சிமென்ட் மூணு வருஷம் தாங்கல!

இந்தச் சுண்ணாம்பு வந்தது கடலோரத்துக் கிளிஞ்சல்ல இருந்து. காளவாயில சுட்டு, நீத்து, மாடு பூட்டின செக்குல அரைச்சு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்ப்பாங்க. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர்னு போட்டு மழமழன்னு கல்லால தேய்ச்சா பளிங்கு மாதிரி மின்னும். மெட்ராஸ் பங்களாக்களோட தூணைப் பார்த்து வெள்ளைக்காரங்க அசந்து போனது இதைத்தான். 'சுனாம்'னு நம்ம வார்த்தையையே இங்கிலீஷ்ல எடுத்துக்கிட்டாங்க. மொராக்கோவுல 'தடேலக்ட்'னு ஒரு பூச்சு உண்டு. சுண்ணாம்புமேல சோப்பு தடவி கல்லால தேய்ப்பாங்க, தண்ணி ஒட்டாது. அங்கே குளியலறைச் சுவரே அதுதான்.

விஷயம் பளபளப்புல இல்ல. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியா வெளிய விடும். கூட வர்ற உப்பு பூச்சுலயே தங்கும், செங்கல்லைத் தின்னாது. சில வருஷம் கழிச்சு பூச்சை மட்டும் மாத்திக்கலாம். சுத்தமான சுண்ணாம்பு ஈரத்துல இறுக ரொம்ப நாளாகும், அதனாலதான் செங்கல் பொடி (சுர்க்கி) கலந்தாங்க. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்ல தொல்லியல் துறை காகிதக்கூழைப் பூசி கல்லுல ஏறின உப்பை உறிஞ்சி எடுக்குது. அதுவும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

அப்புறம் ஏன் விட்டோம்? சுண்ணாம்புக்குப் பொறுமை வேணும், சிமென்ட்டுக்கு வேணாம். இதுல வேடிக்கை என்னன்னா, 1904-ல சென்னையில சிமென்ட் செய்யப் பார்த்தப்போ அதுக்கும் கடல் கிளிஞ்சலைத்தான் எடுத்தாங்க. அது நிலைக்கல. 1914-ல போர்பந்தர்ல ஆரம்பிச்சதுதான் நின்னுச்சு.

கொத்தனார் வந்தார். "சார், மறுபடி கெமிக்கல் கலந்து பூசி, டைல்ஸை மேல வரைக்கும் ஏத்திடலாம்"னார். "அப்போ ஓதம் எங்கண்ணே போகும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் சுவத்தையே பார்த்துட்டு, "பின்னாடி பெட்ரூமுக்கு"ன்னு ஒத்துக்கிட்டார். அந்த ரூம்லதான் அம்மா படுக்கிறாங்க.

முடிவு இது: பழைய பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்து, சுவரை நல்லா காய விடறது. வெளிப்பக்கம் மழைத்தண்ணி சுவத்தோரம் நிக்காம வாய்க்கால். தண்ணி தெறிக்கிற ஒரு மூலைக்கு மட்டும் டைல்ஸ், அதுவும் உள்சுவர்ல. தெருவோரச் சுவருக்கு சுர்க்கி கலந்த சுண்ணாம்பு. முட்டை கிடையாது, அம்மா சுத்த சைவம் :-) பெயின்ட், பட்டி எதுவும் வேண்டாம், வெள்ளையடிச்சா போதும். இதுல ஓதம் நிக்காது, அது ஏறிக்கிட்டேதான் இருக்கும். ஆனா பாளமா பேர்ந்து தலையில விழாது.

அம்மாவுக்கு வெள்ளைச் சுவர் பிடிக்கல. "பாத்ரூமா, மாட்டுக் கொட்டாயா?"ன்னாங்க. சுவர் இன்னும் காயல. இன்னிக்கு வரைக்கும் பக்கத்து வீட்லதான் குளிக்கிறாங்க.